ஏழு மணிக்காரி

போன ஆண்டு பெண்கள் மாநாட்டில் பேச மாலெமைக் கூப்பிட்டார்கள். கொடுத்த தலைப்பு ‘விடாத ஜெப வாழ்க்கை’. மூன்று ஊர்ப் பெண்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மாலெம் மேடையேறி, தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “தினமும் போங்க. சொல்ல ஒண்ணுமில்லாட்டியும் போங்க. மனசுல இல்லாததை மட்டும் சொல்லாதீங்க” என்றாள். இறங்கிவிட்டாள். அவளுக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கியிருந்த போதகர், மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பாட்டுகளைக் கூடுதலாகப் பாடவைத்தார்.

ஊரில் அவளுக்குப் பெயரே ஏழு மணிக்காரி. சாயங்காலம் ஏழானால் கேரட் கழுவும் தொட்டியில் பாதி மூட்டை கிடந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால், யாருடைய மகனாவது மேடான் பட்டணத்தில் பரீட்சை எழுதுகிறான் என்றால், “ஏழு மணிக்காரி காதுல ஒரு வார்த்தை போட்டு வை” என்பார்கள். இந்தப் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், மாமனார் ராகுட் கிந்திங் வைத்துவிட்டுப் போன நல்ல வழக்கம் என்று ஊர் சொல்லும். மாமனாரிடமிருந்து வந்தது என்பது உண்மைதான்.

எங்கள் கரோ மலையில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். தொட மாட்டார்கள். ஒரே பாயில், ஒரே பலகையில் உட்கார மாட்டார்கள். அதற்கு ரெபு என்று பெயர். பகையால் வந்ததல்ல, மரியாதையால் வந்தது. ஏதாவது சொல்லியே தீரவேண்டுமென்றால் நடுவில் மூன்றாம் ஆள் வேண்டும். ஆள் இல்லையா, தூணிடமோ சுவரிடமோ சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். மாலெம் தாரிகான் குலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. நடுவில் நிற்கக் கணவன் புலுங் இருந்தான், பிறகு மகள் உலினா இருந்தாள். “தாத்தா, அம்மா காப்பி வேணுமான்னு கேக்குறா.” “உங்கம்மா போடுற காப்பியைக் குடிச்சா கண்ணைக் கட்டிட்டு ஆத்துல இறங்கின மாதிரி இருக்குன்னு சொல்லு.” எல்லோரும் சிரிப்பார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் நின்று மாலெமும் சிரிப்பாள்.

புலுங் கேரட்டும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு மேடானுக்கு லாரி ஓட்டினான். மலையிறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மழைக்காலத்து விடியலில், மூடுபனிக்குள், நான்காவது வளைவில் லாரி கீழே போய்விட்டது. பெட்டியை நடுக்கூடத்தில் வைத்து, கிந்திங் குலமும் தாரிகான் குலமும் இரண்டு பக்கமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, ராகுட் எழுந்து நின்றார். மருமகளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

“மகனே, படுத்திருந்த உன்னை யார் எழுப்பி விட்டாங்கன்னு இவங்களுக்குச் சொல்லிட்டுப் போ.”

அழுகை நின்றது. இரண்டு குலமும் மாலெமைத் திரும்பிப் பார்த்தன.

அவள் எழுப்பியது உண்மை. தினமும் அவள்தான் எழுப்புவாள். அன்று பனியைப் பார்த்துவிட்டு அவன், “கண்ணு தெரியாது, விடிஞ்சதும் போறேன்” என்று புரண்டு படுத்தான். அவளும், “சரி, படு” என்று போர்வையை இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே சாய்ந்து, தூங்கிப்போனாள். பிறகு எப்போது எழுந்தான், ஏன் போனான் என்று அவளுக்குத் தெரியாது. தான் எழுப்பியதில் தூக்கம் கலைந்து போயிருப்பான் என்று அவளே நினைத்துக்கொண்டாள். அதனால் அன்று அவளால் வாய் திறக்க முடியவில்லை. திறக்காத வாய் ஒப்புக்கொண்ட வாயாகிவிட்டது.

தொட்டியில் அவள் வந்து உட்கார்ந்தால் பெண்கள் பேச்சை மாற்றினார்கள். ஒருத்தி தன் கணவனைப் பற்றிச் சொல்லும்போது, “நான் எழுப்புறதில்லம்மா, அவராத்தான் எழுந்திருப்பார்” என்று அவள் காதுபடச் சொன்னாள். மாலெமுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் விட்ட வார்த்தையை, கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கிழவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருக்கவேண்டும். அதனால் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஆரஞ்சுத் தோட்டத்தில் ஏணியிலிருந்து விழுந்தார் ராகுட். இடுப்பு போயிற்று. வாய் போகவில்லை. கூடத்தின் மூலையில், அவர் எப்போதும் படுக்கிற பலகைப் படுக்கையிலேயே கிடத்தினார்கள். மருமகள் தொடக்கூடாது என்பதால், பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்த அவர் மகள் லயாரிதான் காலையும் மாலையும் வந்து அவரைக் கழுவித் துடைத்துப் புரட்டிப் போடுவாள். மாலெம் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்து, ஒரு விறகுக் குச்சியால் படுக்கைவரை தள்ளிவிட்டு நகர்ந்துகொள்வாள். அதே ஆண்டு உலினா மேடானுக்குக் கல்லூரி போனாள். அந்த வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள். அவள் போனதும் நடுவில் நிற்க ஆளில்லை, தூண் மட்டும்தான்.

“தூணே, கஞ்சியில உப்பு போட மறந்தவங்ககிட்ட உப்புன்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னு சொல்லு.”

“தூணே, ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னது படுத்திருக்கிறவங்களுக்கு மறந்துபோச்சுன்னு சொல்லு.”

உப்பைப் பற்றித் தூணிடம் பேசலாம். செத்தவனைப் பற்றித் தூணிடம் பேசமுடியாது. வாயெடுத்தாலே சிரிப்பாக இருக்கும்.

இந்த வீட்டு விஷயம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் சபை மூப்பர் சபார் வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே இரண்டு பேரையும் பார்த்தார். “சண்டை போட்டு ஆத்திக்கவும் வழியில்லாத வீடு உங்க வீடு. ஜெபமாவது பண்ணுங்க. சரியா ஏழு மணி. ஒருநாள் விடக்கூடாது. முதல்ல பெரியவர், அப்புறம் மருமக. அடுத்த வாரம் வாசல்ல நின்னு கேப்பேன்.”

மாலெமுக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. வாரக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற ரகம். யாராவது பெயர் சொல்லி ஜெபிக்கச் சொன்னால், பரமண்டல ஜெபத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் ஏழு மணிக்கு வாசற்படி ஓரத்தில் தன் பாயை விரித்து, கண்ணை மூடினாள். ராகுட் ஆரம்பித்தார். இருபது வருஷம் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்த குரல்.

“ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். ஆறின கஞ்சிக்காகவும் ஸ்தோத்திரம். என் மகனை நீர் எடுத்துக்கொண்டீர். அவனை எழுப்பி அனுப்பினவங்க மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடுறாங்க. அதையும் பார்த்துக்கிட்டுப் பொறுமையா இருக்கிறீரே, உம்முடைய பொறுமைக்காக ஸ்தோத்திரம். ஆமென்.”

“ஆமென்!” என்று சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து லயாரி கத்தினாள்.

மாலெம் கண்ணை மூடியபடியே இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. ஜெபத்தை யாரும் குறுக்கிட முடியாது. ஆமென் வரும்வரை கண்ணை மூடிக் கேட்டே ஆகவேண்டும். அவளாவது எழுந்து போகலாம், படுத்திருக்கிறவரால் அதுவும் முடியாது. அவள் பேசப்போவது அவரிடம் அல்ல, ஆண்டவரிடம். எந்த வழக்கமும் இதைத் தடுக்கவில்லை.

“ஆண்டவரே,” என்றாள். “இடுப்பை எடுத்துட்டு நாக்கை மட்டும் பத்திரமா விட்டு வெச்சிருக்கிறீர். உம்முடைய கணக்கு எங்களுக்குப் புரியாது. ஸ்தோத்திரம். ஆமென்.”

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஆமென் வரவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது அவளுடைய ஜெப வாழ்க்கை. மூப்பர் சபார் சொன்னபடி வாசலில் நின்று கேட்டார். இரண்டு குரல்களும் மாறி மாறி உருக்கமாக எழும்புவது தெருவரை கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. காப்பிக் கடையில் போய், “ராகுட் வீட்டுல ஜெப அக்கினி எரியுது” என்றார். எரிந்தது உண்மைதான்.

ராகுட்டுக்கு வார்த்தை தானாக வரும். மாலெமுக்கு வராது. ஏழு மணிக்கு ஒரு நல்ல அடி அடிக்கவேண்டுமென்றால் பகல் முழுவதும் யோசிக்க வேண்டும். கேரட் வரிசையில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். “ஆண்டவரே, மகன் சாவை மருமக தலையில கட்டினவரை…” இல்லை, இது சப்பென்று இருக்கிறது. “ஆண்டவரே, நாலு காலத்துக்கும் ஒரே பாட்டு பாடுற பறவையை எங்க வீட்டுல படுக்க வெச்சிருக்கிறீரே…” இது தேவலை. இப்படியே வாயோரம் ஆண்டவரே ஆண்டவரே என்று நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்ததில், நடுவில் வேறு பேச்சும் கலக்க ஆரம்பித்தது. “ஆண்டவரே, முட்டி வலிக்குது.” “ஆண்டவரே, உலினா போன் பண்ணி மூணு நாளாச்சு.” “ஆண்டவரே, ஆலங்கட்டி மழை வேணாம், இந்தப் பாத்தி மட்டும் தேறட்டும்.” ஒருநாள், ஒத்திகையே இல்லாமல், ஈர மண்ணில் உட்கார்ந்து, “நான்தான் எழுப்பினேனா? நீர் பார்த்தீரே, சொல்லும்” என்று கேட்டாள். பனிக்குள் யாருடைய நாயோ குரைத்தது. ஆனால் அன்று சாயங்காலம் கிழவரை அடிக்க எதுவும் தயாராக இல்லை என்பது ஏழு மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது. “ஆண்டவரே, இன்னைக்கு ஒண்ணுமில்ல, வந்தேன். ஆமென்” என்று முடித்துவிட்டாள். ராகுட் அடுத்த அடிக்காகக் காத்திருந்து, அது வராமல் போகவே, இரவெல்லாம் புரண்டதாக லயாரி குறைப்பட்டாள்.

இப்படி இரண்டு வருஷம். ஒருநாள் தவறவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பக்கத்து ஊரில் கிந்திங் குலத்துக் கல்யாணம். தெருவே வண்டியேறிப் போயிற்று, லயாரியும் போனாள். “ஆறு மணிக்குள்ள வந்துடுவேன் மதினி, அப்பாவுக்குக் கஞ்சி மட்டும் தள்ளி விடு” என்றாள். முந்தின நாள் ராத்திரி பாசத்தில் அப்பனுக்கு வாட்டின பன்றிக்கறி ஊட்டிவிட்டிருந்தாள். இரண்டு மணிக்கு அது வேலையைக் காட்டியது.

கூடத்திலிருந்து நாற்றம் வந்தபோது மாலெம் எட்டிப் பார்த்தாள். கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார். போர்வையெல்லாம் நனைந்திருந்தது.

“தூணே,” என்றார், சன்னமாக. “லயாரி எப்ப வருவா?”

“தூணே, ஆறு மணின்னு சொன்னா.”

“தெருவுல ஆம்பளைங்க யாராவது…”

“தூணே, எல்லாரும் கல்யாணத்துல பன்னிக்கறி திங்குறாங்க.”

அவள் வெந்நீர் காய்ச்சினாள். வாளியையும் துணியையும் குச்சியால் படுக்கைவரை தள்ளினாள். அவர் கையை நீட்டினார், எட்டவில்லை. எட்டினாலும் முதுகைத் தூக்க முடியாது. மாலெம் ஓரடி முன்னால் வந்தாள்.

“தூணே! கிட்ட வர வேணாம்னு சொல்லு! மருமக கை பட்டு உயிர் வாழணும்னு எனக்கு அவசியமில்லைன்னு சொல்லு!”

அவள் நின்றாள். தொட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தொட்டிருக்கலாம், ஆண்டவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அவள் பின்வாங்கி, வாசற்படியில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான்கு மணி நேரம் இருக்கிறது. வெந்நீரிலிருந்து ஆவி எழும்புவதைப் பார்த்தாள், அது நின்றுபோவதையும் பார்த்தாள். அவளுக்குள் ஒரு சுகம் இருந்தது. அதை அவள் பிற்காலத்தில் ஆண்டவரிடம் மறைக்கவில்லை.

பனி இறங்கியது. கிழவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. ஈ மொய்த்தது. முதலில் முனகினார், பிறகு லயாரியைத் திட்டினார், பிறகு செத்த மனைவியைக் கூப்பிட்டார். பிறகு வெகுநேரம் சத்தமில்லை. செத்துவிட்டாரோ என்று மாலெம் எழுந்தபோது அவர் பேச ஆரம்பித்தார். மணி நாலு இருக்கும். ஜெபிக்கிற நேரமில்லை. முன்வரிசைக் குரலும் இல்லை.

“ஆண்டவரே, போதும். நான்தான். அவ எழுப்பினா, அவன் படுத்துட்டான். நான் முழிச்சுட்டு இருந்தேன். ரெண்டு பேரும் பேசினது கேட்டுது. அவ தூங்கினப்புறம் நான்தான் தடியால சுவரைத் தட்டினேன். பொண்டாட்டி போர்வைக்குள்ள ஒளிஞ்சிட்டியாடா, உன் வயசுல இதே பனியில நான் மாட்டுவண்டியில இறங்கினேன்டான்னு கேட்டேன். எழுந்து போயிட்டான். ஒரு வார்த்தை பேசாம போயிட்டான். நான்தான் ஆண்டவரே. என்னைக் கழுவும். யாராவது என்னைக் கழுவுங்க.”

மாலெம் எழுந்து வெளியே போனாள். அழவில்லை. கோடரியை எடுத்து, கொல்லையில் கிடந்த விறகையெல்லாம் பிளந்தாள். பிளக்கவேண்டியிராத விறகையும் பிளந்தாள். லயாரி கல்யாண வீட்டு இலைப்பொட்டலத்தோடு வந்து, “என்ன மதினி, ஊருக்கே சமைக்கப் போறியா? அய்யோ, இது என்ன நாத்தம்!” என்று உள்ளே ஓடினாள்.

ஏழு மணிக்கு மாலெம் பாயை விரித்தாள். கழுவித் துடைத்த கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முறைப்படி முதலில் அவர் ஜெபிக்க வேண்டும். ஜெபிக்கவில்லை.

“ஆண்டவரே, கேட்டீர்தானே” என்றாள் மாலெம். “ஆமென்.”

கொஞ்ச நேரம் கழித்து, “தூணே,” என்றார் ராகுட். “புதன்கிழமை வாரக் கூட்டம் நம்ம வீட்டுலதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன்னு சொல்லு.”

அந்த நான்கு நாளில் மாலெம் வீட்டை மூன்று முறை கழுவினாள். தேங்காயும் வெல்லமும் பூரணம் வைத்து, இலையில் மடித்து, நாற்பது பேருக்குச் சிம்பா அவித்தாள். பெட்டியின் அடியில் கிடந்த சிவப்புத் தலைத்துணியை எடுத்துப் பனியில் காயப்போட்டு, அது காயாமல், அடுப்பில் காட்டிக் காயவைத்தாள். உலினா போனில், “என்னம்மா, குரலே மாறியிருக்கு?” என்றாள். “புதன்கிழமை முடியட்டும், சொல்றேன்” என்றாள் மாலெம். கேரட் வரிசையில் இரண்டு வருஷ ஒத்திகையெல்லாம் போய், “ஆண்டவரே, அவர் வாய் குழறாம பாத்துக்கும்” என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்காக அவள் செய்த முதல் ஜெபம் அது.

புதன்கிழமை கூடம் நிரம்பியது. புலுங்கின் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்து, வசனம் வாசித்து, மூப்பர் சபார், “இந்த வீட்டுப் பெரியவர் சாட்சி சொல்லி ஜெபிப்பார்” என்றார். லயாரி அப்பனைத் தலையணைகளில் சாய்த்து நிமிர்த்தினாள். வெள்ளைச் சட்டை, தோளில் நெய்த துணி. எல்லோரும் கண்களை மூடினார்கள். மாலெம் மட்டும் மூடவில்லை.

அவர் சொல்லத்தான் நினைத்தார். அது மாலெமுக்குத் தெரியும், இன்றும் அதை ஒப்புக்கொள்வாள். “ஆண்டவரே, என் மகன் விஷயமா…” என்று ஆரம்பித்தார். நின்றார். கண்ணைத் திறந்து கூடத்தைப் பார்த்தார். நாற்பது தலைகள் அவருக்கு முன்னால் குனிந்திருந்தன. இடுப்பு போனபிறகு அத்தனை தலைகள் அவருக்குக் குனிந்ததில்லை. தொண்டையைச் செருமினார். முன்வரிசைக் குரல் திரும்பி வந்தது.

“…என் மகன் விஷயமா ரெண்டு வருஷமா உம்மிடத்தில் போராடினேன். மனசுல கசப்பு வெச்சிருந்தேன். இன்னைக்கு, உம்முடைய பிள்ளைகள் முன்னால, அந்தக் கசப்பை இறக்கி வெக்கிறேன். என் மகன் சாவுக்குக் காரணமானவளை நான் மனப்பூர்வமா மன்னிச்சுட்டேன் ஆண்டவரே. நீரும் மன்னியும். ஆமென்.”

“ஆமென்,” என்று நாற்பது வாய்கள் சொல்லின. விசும்பல் கேட்டது. மூப்பர் சபார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரிதான் அதை முடித்துவைக்க வேண்டும். “மாலெம், முடிச்சு ஜெபம் பண்ணும்மா” என்றார் மூப்பர், இளகிய குரலில். நாற்பது தலைகளும் மறுபடி குனிந்தன. குறுக்கே பேச யாராலும் முடியாது. ஆமென் சொல்லும்வரை அந்தக் கூடம் அவளுடையது. தடி, சுவர், மாட்டுவண்டி, எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. ராகுட் கண்ணை மூடவில்லை. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆண்டவரே,” என்றாள் மாலெம். யாரோ இருமினார்கள். “இப்ப இவர் சொன்னதை நீர் கேட்டீர். போன சனிக்கிழமை சாயங்காலம் சொன்னதையும் கேட்டீர். ரெண்டுல எது உமக்கு வேணுமோ எடுத்துக்கும். ஆமென்.”

பாதிப்பேர்தான் ஆமென் சொன்னார்கள். மீதிப்பேருக்கு அது ஜெபமா என்று விளங்கவில்லை. சிம்பாவும் காப்பியும் வந்ததும் மறந்துவிட்டார்கள். கிளம்பும்போது பெண்கள் ஒவ்வொருத்தியாக மாலெமைக் கட்டிக்கொண்டார்கள். தொட்டியில் பேச்சை மாற்றியவளே அதிக நேரம் கட்டிக்கொண்டாள். “மன்னிப்பு கிடைச்சுடுச்சு மாலெம். இனி தலை நிமிந்து நட. எல்லாருக்கும் இப்படி ஒரு மாமனார் வாய்க்காது.”

மறுநாள் காலை லயாரி வாளியோடு வந்தவள் நின்றாள். “சனிக்கிழமை அப்பா என்ன சொன்னார் மதினி?”

“என்கிட்ட சொல்லல. ஆண்டவர்கிட்ட சொன்னார். அவரைக் கேளு.”

“ரொம்பத்தான் பண்ணிக்கிற. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருக்கார், அதுக்கு ஒரு நன்றி இல்ல.”

அன்று முழுவதும் மாலெம், ஏழு மணிக்கு உட்காரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இனி எதற்கு? கேட்டது கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. கேரட் வரிசையில் ஒரு வார்த்தை வரவில்லை. ஆறரைக்குக் கை தானாகக் கழுவிக்கொண்டது. ஏழுக்குக் கால் தானாக வாசற்படிக்கு வந்தது. பாயை விரித்தாள். கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, அடி விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டார்.

“ஆண்டவரே, இவரை மன்னிக்கணும்னு நீர் சொல்றீர். எனக்கு வரல. நாளைக்கு மறுபடி வர்றேன். ஆமென்.”

அதில் அடி இல்லை. ஒத்திகை இல்லை. அவர் காதில் விழவேண்டுமென்று சொன்னதும் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் அவரை அடித்தது.

மறுநாள் வந்தாள். “ஆண்டவரே, இன்னைக்கும் வரல. நாளைக்கு வர்றேன். ஆமென்.” அதற்கு மறுநாளும். பகலில் அவள் முயற்சி செய்யாமல் இல்லை. அவர் வயசை நினைத்தாள், மகனை இழந்தவர் என்று நினைத்தாள், மண்ணில் முழங்காலிட்டுக் கெஞ்சினாள். மனசு ஒரு அங்குலம் இளகும். கழுவும் தொட்டிக்குப் போவாள், ஒருத்தி, “மன்னிப்பு வாங்கினவ முகத்துல ஒரு வெளிச்சம்தான்” என்பாள். ஒரு அங்குலமும் போய்விடும். ஏழு மணிக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு எழுவாள். ராகுட் ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாடு குறைந்தது. ஆறரை ஆனாலே லயாரியைக் கூப்பிட்டு, “என்னைத் திருப்பிப் படுக்க வை, காதை மூடிப் படுக்க வை” என்பார். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. “வயசானா இப்படித்தான்” என்று தெருவில் சொல்லிச் சிரித்தாள்.

இருபதாவது நாளோ என்னவோ, மாலெம் ஆமென் சொல்லி எழுந்தபோது அவர் பேசினார்.

“தூணே. ஒருநாளைக்காவது வந்துடுச்சுன்னு சொல்லச் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல.”

மாலெம் பாயைச் சுருட்டினாள். “தூணே, ஆண்டவர்கிட்ட பொய் சொல்றது எனக்குப் பழக்கமில்லைன்னு சொல்லு. அதை இந்த வீட்டு ஆம்பளைங்ககிட்ட நான் இன்னும் கத்துக்கலைன்னு சொல்லு.”

அன்று ராத்திரி அவர் அழுதது பலகைச் சுவர் வழியாக லயாரிக்குக் கேட்டது. மகனை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டாவது நாள் சாயங்காலம் ஆறரைக்கு, லயாரி அவரைத் திருப்பிப் போடும்போதே உயிர் போயிற்று. கையில் ஈரத்துணியோடு அவள் போட்ட கூச்சலில் தெரு கூடியது. அன்றைக்கு மட்டும் ஏழு மணி தாண்டிப் போய்விட்டது. மாலெம் சமையலறையில், வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே, பானையைப் பார்த்து இரண்டு வார்த்தை முணுமுணுத்ததை ஒருத்தி பார்த்தாள். துக்கத்தில் தடுமாறுகிறாள் என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

அடக்கத்தில் மூப்பர் சபார் பேசினார். இந்த ஊரில் ஜெபத்தால் கசப்பை ஜெயித்த ஒரே மனிதர் ராகுட் கிந்திங் என்றார். மகனை இழந்தும், அதற்குக் காரணமானவள் கையால் சாப்பிட்டு, அவளை மன்னித்து, அவளையும் ஜெபிக்கிறவளாக மாற்றிவிட்டுப் போனவர் என்றார். கிந்திங் குலம் அழுதது. தாரிகான் குலமும், தங்கள் பெண்ணுக்கு இப்படியொரு மாமனார் வாய்த்ததற்காக, சேர்ந்து அழுதது. மேடானிலிருந்து வந்திருந்த உலினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “புதன்கிழமை முடியட்டும், சொல்றேன்னியே, என்னம்மா அது?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. சிம்பா நல்லா வந்துது.”

எல்லோரும் போய், உலினாவும் அத்தை வீட்டுக்குப் போனபிறகு, மறுநாள் சாயங்காலம் வீடு காலியாக இருந்தது. ஏழு மணிக்கு மாலெம் கூடத்துக்கு வந்தாள். வாசற்படியில் பாயை விரிக்கப்போனவள் நின்று, மூலையிலிருந்த பலகைப் படுக்கையைப் பார்த்தாள். போய் அதன்மேல் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்து இருபத்துமூன்று வருஷத்தில் அவர் பலகையில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. லயாரி தேய்த்துக் கழுவியும் லேசாக நாற்றம் இருந்தது. மாலெமின் அறையை ஒட்டிய தலைமாட்டுச் சுவரில், தடி பட்டுப் பட்டு வண்ணம் உதிர்ந்த ஓர் இடம், உள்ளங்கை அகலத்தில். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில்தான் புலுங் தலைவைத்துப் படுப்பான். இத்தனை வருஷமும் வாசற்படியிலிருந்து பார்த்ததால் அது அவள் கண்ணில் பட்டதில்லை.

அதைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, இன்னைக்கும் வரல.”

சுவருக்கு அந்தப்பக்கம் லயாரி, அப்பனுக்குச் சொல்வதுபோலவே, “ஆமென்!” என்றாள்.